ஸ்லைடைப் படம் பிடித்துப் போடுமுன்: நாங்கள் விடும் தவறுகள்

போன வாரம் இரவு, என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் டொக்டர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு பதிவை அனுப்பி, "மெடம், இதை எக்ஸ்ஸில போடட்டா?" என்று கேட்டார். நாங்கள் நோயியல் டொக்டர்கள். உடலிலிருந்து எடுத்த துண்டின் மெல்லிய சீவலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவோம். அந்தத் தகடுதான் ஸ்லைட். அவர் எடுத்த ஸ்லைட் படம் நன்றாக வந்திருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தார்: "43 வயது, வாழைச்சேனை, கடற்றொழிலாளி, இன்று காலை வந்த பயொப்சி." பெயர் இல்லைதானே, அப்போ சரி என்று நினைத்திருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெயரை அழியுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது தெரிந்தவர்களே விடும் தவறுகளை.

படங்களைப் பகிராதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். நான் மட்டக்களப்புக்கு வந்த காலத்தில் ஒரு ஸ்லைடில் சந்தேகம் வந்தால் அதை உடையாமல் சுற்றி, கடித உறையில் வைத்து, கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும். பதில் வர நாட்கள் ஆகும். இப்போது இரவு போடும் படத்துக்கு விடியமுன் வேறு வேறு நாடுகளிலிருந்து கருத்து வந்துவிடுகிறது. தோலுக்கு டெர்ம்பாத், குடலுக்கு ஜிஐபாத், எலும்புக்கும் மென்இழையங்களுக்கும் பிஎஸ்டிபாத் என்று ஹேஷ்டேக் போட்டால் அந்தந்தத் துறைக்காரர்களின் கண்ணில் படும். தனியாக இருந்து ரிப்போர்ட் எழுதும் எங்களுக்கு இது பெரிய துணை. அதனால்தான் இதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று இவ்வளவு சொல்கிறேன்.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரியும்

எட்டு வருடத்துக்கு முன் நான் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். 24 வயதுப் பெண் ஒருவரின் மார்பகக் கட்டி வந்தது. பிலோட்ஸ் கட்டி, அதிலும் பொல்லாத, புற்றுநோய் வகை. நுணுக்குக்காட்டியின் கீழ் இலை மடிப்புகள் போலப் பிளவுகள் விரிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே கலங்கள் நெருக்கியடித்துப் பெருகி, பல கலங்கள் பிரிந்துகொண்டிருந்தன. அந்த வயதில் அவ்வளவு தெளிவான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றிரவே பேஸ்புக்கில் போட்டேன். "24 வயது ஆசிரியை, திருமணமாகாதவர், மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமம், மூன்று மாதத்தில் வளர்ந்த கட்டி." பெயர் இல்லை, இலக்கம் இல்லை.

கனடாவில் இருக்கும் எங்கள் ஊர் டொக்டர் ஒருவர் அதைப் பார்த்து, "எங்கட மட்டக்களப்புப் பிள்ளை போட்டது" என்று பெருமையாக ஒரு வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருக்கிறார். அங்கிருந்து இன்னொரு குழு. நாலாம் நாள் அந்தப் பெண்ணின் அண்ணன் என் அறைக்கு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. ஃபோனை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார். திரையின் மூலை கீறியிருந்தது. அதன் கீழே என் படம், ரோசாவும் ஊதாவுமாக. படத்துக்குக் கீழே யாரோ அவருக்கு எழுதிய கேள்வி: "இது உங்கட தங்கச்சியா?"

"என்ட தங்கச்சிக்கு இன்னும் தெரியாது டொக்டர். ஊருக்குத் தெரிஞ்சிட்டு" என்றார்.

தங்கைக்குக் கிளினிக் திகதி அடுத்த செவ்வாய். சத்திரசிகிச்சை நிபுணர் இருத்திவைத்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டிய செய்தி அது. வெட்கத்தில் அந்தப் பெண் செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்த திகதிக்கும் வரவில்லை. ஏழு வாரம் கழித்து வந்தபோது, எடுத்த இடத்திலேயே கட்டி மறுபடி தலைகாட்டியிருந்தது. இந்தக் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல பகுதியையும் தாராளமாகச் சேர்த்து எடுக்காவிட்டால் அதே இடத்தில் திரும்ப வரக்கூடும். பொல்லாத வகை இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும் போகக்கூடும். அதனால்தான் அடுத்த வெட்டு அவசரம். அந்த ஏழு வாரத்தையும் பறித்தது நான் போட்ட பதிவு.

பதிவை அன்றே அழித்தேன். ஸ்கிரீன்ஷொட்டை எங்கே போய் அழிப்பது?

கல்லடிப் பாலத்தில் நின்று யாரைக் கேட்டாலும் அவர் உங்கள் மாமியின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். எங்கள் ஊர் அப்படி. இங்கே வயது, தொழில், கிராமம், கிழமை நான்கையும் சேர்த்துச் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரித்தான். பெருநகரத்தில் வேலை செய்பவர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்த நெருக்கம் தெரியாது. அரிய நோயென்றால் இன்னும் மோசம், ஏனென்றால் அது ஊரில் ஒருவருக்குத்தான் இருக்கும்.

இப்போது நான் செய்வது இது. ரிப்போர்ட் நோயாளியின் கைக்குப் போய், டொக்டர் அவரோடு பேசி முடியும்வரை எதையும் போடுவதில்லை. அதன் பிறகும் சில மாதம் விடுகிறேன். "24" இல்லை, "இருபதுகளில்". கிராமம் இல்லை, தொழில் இல்லை. தொழிலுக்கும் நோய்க்கும் உண்மையான தொடர்பு இருந்தால் மட்டும் எழுதுகிறேன். "இன்று", "நேற்று" அறவே இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: விவரத்தைக் குறைக்கலாம், மாற்றக் கூடாது. பெண்ணை ஆண் என்று எழுதினால் அதைப் படித்துக் கற்பவருக்குப் பிழையான பாடம் போகும்.

சம்மதம் கேட்பதும் அப்படித்தான். சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும் தாள்களுக்குள் இதையும் செருகாதீர்கள். வேறொரு நாளில், அவரது மொழியில், ஒருமுறை வெளியே போன படத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்லைட் லேபல்

லேபலில் இருக்கும் இலக்கமும் பெயர்தான். படத்திலிருந்து வெட்டிவிடுங்கள்.

ஒரே ஒரு படம்

நல்ல இடத்தை 40 மடங்கு பெரிதாக்கும் வில்லையில் எடுத்து அதை மட்டும் போடுவது எல்லாப் புதியவர்களும் செய்வது. முதலில் 4இல் ஒன்று, பிறகு 10, அப்புறம் 40. எத்தனை மடங்கு என்று எழுதவும் வேண்டும்.

ஒருமுறை மூக்கிலிருந்து எடுத்த தசைவளர்ச்சி ஒன்றை உருப்பெருக்கமும் நாடும் எழுதாமல் போட்டேன். தடித்த சுவருள்ள வட்டப் பைகள், உள்ளே நிறையச் சிறு உருண்டைகள். எங்களுக்குப் பார்த்தவுடனே ரைனோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர், குளத்தில் குளிப்பவர்களின் மூக்கில் வருவது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் கொக்சிடியொய்டிஸ் என்ற பூஞ்சணம் என்றார். அவர்களின் தென்மேற்குப் பாலைவனங்களில் அதுதான் வழக்கம், அதிலும் உருண்டைக்குள் உருண்டைகள்தான். ஆனால் ரைனோஸ்போரிடியத்தின் பை மிகப் பெரியது, 300 மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன்) வரை போகும், 4இலேயே கண்ணுக்குப் படும். அளவு தெரிந்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். "இலங்கை" என்று ஒரு சொல் எழுதியிருந்தாலும் போதும். நாடு தேவை, கிராமம் தேவையில்லை.

மஞ்சள் படம்

நுணுக்குக்காட்டியின் கண்வில்லையைத் துடையுங்கள். பின்னணி வெள்ளையாகத் தெரியும்வரை வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்.

லைக்கைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது

முப்பது பேர் ஒன்றைச் சொன்னாலும் அவர்கள் பார்த்தது நீங்கள் தெரிந்தெடுத்த நாலு படங்களை. கட்டி முழுவதையும் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். வந்த கருத்து உங்களைத் திரும்ப ஸ்லைடுக்கு அனுப்பினால் நல்லது. இன்னும் துண்டுகள் எடுக்க, இன்னொரு சாயம் போட, துண்டு பதித்த மெழுகுப் புளொக்கைக் கொழும்புக்கு அனுப்பத் தூண்டினால் இன்னும் நல்லது. ரிப்போர்ட்டில் எழுதுவதற்கு அது ஆதாரமாகாது.

அடுத்தவர் படம்

கேட்டு, பெயர் போட்டுப் பயன்படுத்துங்கள்.

இன்பொக்ஸில் வரும் ரிப்போர்ட்

நீங்கள் நோயியல் டொக்டர் என்று தெரிந்ததும் ஆட்கள் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்புவார்கள். "அம்மாட ரிப்போர்ட் டொக்டர், பயப்பட வேணுமா?" பதில் சொல்லாமல் விட மனம் வராது. எனக்கும் வருவதில்லை. சொற்களின் பொருளை விளக்குங்கள், எந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள், அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நோய் இது, மருந்து இது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த அம்மாவின் ஸ்லைட் உங்கள் மேசையில் இல்லை.

அந்த வாழைச்சேனைப் பதிவு இன்னும் போகவில்லை. நோயாளியின் கிளினிக் அடுத்த மாதம். அந்த இளம் டொக்டரின் ஃபோனில் வரைவு இருக்கிறது: "நாற்பதுகளில் ஆண், இலங்கை." 4இல் ஒரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.