தனி இசியு போட்ட காரில் வேகத்தைச் சரியாகக் காட்ட வைப்பது எப்படி?

புரோட்டான் வீராவுக்கோ சத்ரியாவுக்கோ தனி இசியு (தொழிற்சாலையில் வந்ததற்குப் பதிலாக மாட்டும், நாமே எண்களை மாற்றக்கூடிய எஞ்சின் கணினி) மாட்டியவர்கள் பெட்ரோல் மேப்பையும் இக்னிஷனையும் பல நாள் உட்கார்ந்து பார்ப்பார்கள். வேகத்தை மட்டும் "டேஷ்போர்டு மீட்டர்தான் ஓடுகிறதே" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் எந்த கியரில் ஓடுகிறது என்று பல இசியுக்கள் கண்டுபிடிப்பது எஞ்சின் சுற்றோடு வேகத்தை ஒப்பிட்டுத்தான். லாஞ்ச் கண்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்ப உதவுவது), கியருக்கு ஏற்ற டர்போ அழுத்தம், சிக்னலில் நிற்கும்போது ஐடிலைப் பிடித்து வைப்பது எல்லாமே பல இசியுக்களில் இந்த எண்ணை நம்பியே நடக்கின்றன. வேகம் தவறென்றால் இவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தவறும்.

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் கூட்டாளி ஒருவர் டேஷ்போர்டு மீட்டர் 90 காட்டும்போது இசியுவிலும் 90 வரும்படி அதன் வேகக் கணக்கு எண்ணை மாற்றி வைத்திருந்தார். பொறுமையாகத்தான் செய்திருந்தார், ஆனால் பிடித்த அளவுகோல் தவறு. ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39 என்ன சொல்கிறது தெரியுமா? மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டினால் உண்மை வேகத்தில் 10 விழுக்காடும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை போகலாம். அதாவது உண்மையில் 100-இல் போகும் கார் 114 காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். அதனால் தயாரிப்பாளர்கள் மீட்டரை வேண்டுமென்றே சற்று ஏற்றி வைப்பது வழக்கம். அதை அப்படியே இசியுவுக்குள் நகல் எடுக்க வேண்டாம். ஒப்பிட ஜிபிஎஸ் போதும், கைப்பேசியில் இருப்பதே போதும்.

முதலில் ஒயரைப் பாருங்கள்

வேக சென்சாரில் இரண்டு வகை உண்டு. மூன்று ஒயர் வந்தால் பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தப்புலத்தை உணரும் சிப். சதுர அலையாகச் சிக்னல் தரும். இரண்டு ஒயர் காந்தச் சுருள் வகைக்கு இசியுவில் அதற்கென்ற உள்ளீடு வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாக ஓடும்போது சிக்னலே வராது. சில பழைய கார்களில் மீட்டருக்குள்ளேயே ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் இணையும் சுவிட்ச்) இருக்கும், கேபிள் சுற்றச் சுற்ற அது தரையோடு (மின்சார கிரவுண்டோடு) இணைந்து விலகும். ஹால் வகையில் பலவும் ரீட் சுவிட்சும் ஒயரைத் தரைக்கு இழுக்க மட்டுமே செய்யும். மின்னழுத்தத்தை மேலே தூக்க இசியுவில் புல்-அப் (அதற்கான ரெசிஸ்டர்) ஆன் ஆகியிருக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஹால் வகையையும் ரீட் சுவிட்சையும் சோதிப்பது எளிது. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், சாவி ஆனில் இருக்கட்டும். மல்டிமீட்டரை இசியுவின் சிக்னல் ஒயரில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் சரி. அசையாமல் நின்றால் எண்ணில் கை வைக்கவே வேண்டாம், ஒயரைச் சரி செய்யுங்கள்.

தொடக்க எண்

ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ் (சென்சார் தரும் மின் துடிப்பு) என்பதுதான் பெரும்பாலான இசியுக்கள் கேட்கும் எண். மெனுவில் பெயர் மாறலாம். பல பழைய ஜப்பானிய கார்களில் மீட்டர் கேபிள் கிலோமீட்டருக்கு 637 முறை சுற்றும், ஒரு சுற்றுக்கு 4 பல்ஸ். 637 × 4 = 2548. வீரா மிட்சுபிஷி வழியில் வந்த கார் என்பதால் நானும் இதிலிருந்தே தொடங்கினேன்.

ரிம் மாற்றியிருந்தால் டயர் அளவையும் பாருங்கள். 175/70 ஆர்13 டயரின் சுற்றளவு கணக்கில் சுமார் 1807 மில்லிமீட்டர். 195/50 ஆர்15 சுமார் 1810, வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் 205/45 ஆர்16 போட்டால் 1856 ஆகிவிடும். பெரிய டயர் கிலோமீட்டருக்குக் குறைவாகச் சுற்றும், பல்ஸும் குறையும்: 2548 × 1807 ÷ 1856 = 2481. இது தொடக்கத்துக்கு மட்டும். காரின் எடையில் டயர் அமுங்குவதால் உண்மையான உருளும் சுற்றளவு இதைவிடச் சில விழுக்காடு குறையும்.

சாலையில்

ஞாயிறு காலை பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். பினாங்குப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஜாவி தாண்டி பண்டார் பாரு நோக்கிப் போகும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை. வயல் நடுவே சமதளமாகப் போகும், அந்த நேரத்தில் நெரிசல் குறைவு. பினாங்குப் பாலத்தில் செய்ய வேண்டாம்; வேக வரம்பு 80, காற்றும் வீசும், சீராகப் பிடிக்க முடியாது.

டயர் காற்றைச் சரி பார்த்துவிட்டு இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் மடிக்கணினியையும் ஜிபிஎஸையும் பார்த்து எழுத வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

60-இல் 15 வினாடி சீராகப் பிடியுங்கள். வேகம் ஏறும்போதும் குறையும்போதும் கைப்பேசி ஜிபிஎஸ் சற்றுப் பின்தங்கும், அதனால் நிலைத்த பிறகு மட்டும் எழுதுங்கள். அப்புறம் 90-இலும் அதே மாதிரி. என் காரில் ஜிபிஎஸ் 60 காட்டியபோது இசியு 61.7, 90 காட்டியபோது 92.5.

புது எண் = பழைய எண் × இசியு வேகம் ÷ ஜிபிஎஸ் வேகம்

2548 × 92.5 ÷ 90 = 2619. இதை ஏற்றி மறுபடி ஓட்டினேன், இரண்டு வேகத்திலும் ஒத்துப்போனது. ஜிபிஎஸ் மேல் சந்தேகம் இருந்தால் சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளை வைத்து நேரம் பாருங்கள்: சீரான 90-இல் 5 கிலோமீட்டருக்குச் சரியாக 200 வினாடி ஆகும்.

இரண்டு வேகத்தில் ஏன் பார்க்கச் சொல்கிறேன்? 60-இலும் 90-இலும் பிழை ஒரே விழுக்காடு என்றால் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. 60-இல் சரியாக இருந்து 90-இல் 84 காட்டினால் பல்ஸ் தவறுகிறது. இசியுவின் ஃபில்டரையும் புல்-அப்பையும் பாருங்கள். நிற்கும் காரில் வேகம் துள்ளினால் இக்னிஷன் ஒயரின் இரைச்சல். சிக்னல் ஒயரைக் காயிலிலிருந்து தள்ளி ஓட்டி, ஷீல்டு ஒயராக மாற்றி, ஷீல்டை இசியு பக்கம் மட்டும் தரையில் கட்டுங்கள். இந்த இரண்டில் எதையும் எண்ணை மாற்றி மறைக்க முயல வேண்டாம்.

கடைசியாக கியர்

வேகம் சரியான பிறகே கியர் விகிதத்தைப் பதியுங்கள். ஒவ்வொரு கியரிலும் கிளட்ச்சைத் தொடாமல் சீராக ஓட்டி, ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கையை) வேகத்தால் வகுத்து எழுதுங்கள். சில இசியுக்களில் பட்டனை அழுத்தினால் அதுவே பதிந்துகொள்ளும். புது டயருக்கும் 1.6 மில்லிமீட்டர் வரை தேய்ந்த டயருக்கும் சுற்றளவில் ஏறக்குறைய 2 விழுக்காடு வித்தியாசம் வரும் என்பதால், டயர் மாற்றும் அன்று 60-ஐயும் 90-ஐயும் மறுபடி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.