ஆயில் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மேல்தட்டில் பெயின்ட் வேலை, கரையில் வலை வேலை, இன்ஜின் அறைக்குள் மெக்கானிக்குகளான எங்கள் வேலை. அங்கே அதிகம் காதில் விழுவது, “ஆயில் ஒழுகுது அண்ணே.”

ஒழுகல் சின்னதாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று நாம் இறங்குவதுதான் செலவு வைக்கும். நானே செய்திருக்கிறேன். ஒரு படகில் இன்ஜினின் பின்பக்கம், ஃபிளைவீல் என்ற கனச் சக்கரத்தின் கூட்டுக்கு அடியில் சொட்டியது. பார்த்ததுமே “பின்பக்க சீல் போச்சு” என்று சொல்லிவிட்டேன். சுழலும் ஷாப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் சீல். கியர்பாக்ஸைப் பின்னால் தள்ளி, ஃபிளைவீலை இறக்கி, புது சீல் போட்டு, கப்ளிங் நேர் பார்த்து மூடுவதற்குள் மூன்று நாள். ஸ்டார்ட் செய்த அரைமணியில் அதே இடத்தில் அதே சொட்டு. கடைசியில் பார்த்தால், இன்ஜின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் பின்மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு விலகியிருந்தது. அதிலிருந்து கசிந்த ஆயில் பிளாக்கின் முதுகு வழியாகவே கீழே இறங்கியிருக்கிறது. முதலிலேயே கையை விட்டுத் தடவியிருந்தால் தெரிந்திருக்கும். படகுக்காரர் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் வலித்தது.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இன்ஜினைக் கழுவுங்கள். பல வருஷத்து அழுக்கோடு தேடினால் எல்லா இடமும் ஒழுகுவது போலத்தான் தெரியும். துடைத்துக் காயவைத்து, சந்தேகப்படும் இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவி, இன்ஜினை ஓட்டுங்கள். ஐடிலில் மட்டும் ஓட்டினால் போதாது, சூடேறி, ஆர்.பி.எம். கூடினால்தான் சில ஒழுகல் வெளியே வரும். பிறகு நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது ஆக மேலே இருக்கிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள். ஓடும்போது பெல்ட் பக்கம் துணியோ கையோ போகக் கூடாது.

ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் கசிகிறதா? அத்தனை பேக்கிங்கும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகக் கெடாது. முதலில், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதரைப் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும். பிரீதர் சுத்தமாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது சீல் மாற்றுவது வீண் செலவு. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதும் இதே வம்பைத்தான் இழுக்கும். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது ஸ்டிக்கில் அளவு பார்த்துவிட்டு ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் கசிந்தால் போல்டை இன்னும் இறுக்குவது கைப்பழக்கம். தகடு சம்பாக இருந்தால் போல்ட் ஓட்டையைச் சுற்றி வளைந்துபோகும், பேக்கிங் பிதுங்கும், ஒழுகல் கூடும். சிலிக்கான் பேஸ்டை அள்ளி அப்புவது அதைவிட ஆபத்து. உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் பேரிங் காலி.

ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கும். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சும். செம்பு வாஷரைப் புதிதாகவே போடுங்கள். புது சீலும் ஒழுகினால் ஷாப்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய சீல் உதடு அறுத்த பள்ளம் தட்டுப்படும். அதற்கு, பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக உறையான ஸ்லீவ் போட வேண்டும், இன்னொரு சீல் அல்ல.

ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் விஷயமே வேறு: தண்ணீர் கலந்திருக்கிறது, கூலரையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும், அதுவரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. அளவு தானாக ஏறி, டீசல் வாடை அடித்தால் டீசல் பம்ப் பக்கம் போங்கள்.

படகின் அடியில் தேங்கிய ஆயில் தண்ணீரில் சோப்புத்தூளைக் கொட்டி, கடுவையாற்றில் இறைத்துவிடுவதும் வேண்டாம். கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். வேலை முடிந்ததும் இன்ஜினுக்கு அடியில் பழைய தினத்தாள் ஒன்றை விரித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் வந்து பார்த்தால், கறை விழுந்திருக்கிறதா, எங்கே விழுந்திருக்கிறது என்று அதுவே காட்டிவிடும்.