டூர்னிக்கே பட்டை: ஏற்காடு மலைப்பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுக்கு பைக்கில் ஏறுபவர்களும் மலையேற்ற வழிகாட்டிகளும் பையில் டூர்னிக்கே பட்டை, அதாவது கை காலில் இறுக்கிக் கட்டி ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை, வைத்திருப்பது நல்ல விஷயம். வாங்கியதோடு நின்றுவிடுவதுதான் முதல் தவறு.

கட்டினால் கால் போய்விடும் என்று பயந்து இந்தப் பட்டையை ஒதுக்கி வைத்திருந்த காலம் உண்டு. 1996-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஃபிராங்க் பட்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காக எழுதிய கட்டுரை அதை மாற்றியது. அமெரிக்க ராணுவத்தின் 75-வது ரேஞ்சர் ரெஜிமென்ட் என்ற சிறப்புப் படைப்பிரிவு, அந்தக் கட்டுரை சொன்ன முதலுதவி முறையை மருத்துவ வீரர்களோடு நிறுத்தாமல் எல்லா வீரருக்கும் கற்றுக்கொடுத்தது. 2001 முதல் 2010 வரை நடந்த போர்களில் அந்தப் படைப்பிரிவில் 32 பேர் இறந்தார்கள்; களத்தில் முதலுதவி சரியில்லாமல் போனதால் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. அடிபட்டவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, வளையத்தைத் தயாராக மாட்டி, எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் வையுங்கள். பழகுவதற்குத் தனிப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பலமுறை முறுக்கிய பட்டை அவசரத்தில் அறுந்துபோகலாம்.

அதிகம் நடக்கும், மிக ஆபத்தான தவறு, தளர்வாகக் கட்டுவது. இறுக்க இறுக்க அடிபட்டவர் வலியில் கத்துவார். இரக்கப்பட்டுக் கை நின்றுவிடும். அரைகுறையாக இறுக்கினால் ரத்தம் திரும்பும் சிரைகள் மட்டும் அடைபடும், ரத்தம் கொண்டுவரும் தமனி திறந்தே இருக்கும். ரத்தப்போக்கு முன்பைவிடக் கூடும். முதலில் பட்டையை வெறும் கையால் முழு பலத்தோடு இழுங்கள். அதன்பின் பட்டையில் இருக்கும் குச்சியை முறுக்குங்கள். ஏழெட்டுச் சுற்று தேவைப்பட்டால் முதல் இழுப்பு போதவில்லை என்று அர்த்தம். ரத்தம் நின்று, பாதத்திலோ மணிக்கட்டிலோ நாடித்துடிப்பும் நின்றால்தான் கட்டு சரி. நிற்கவில்லையா, முதல் பட்டையை ஒட்டி, உடம்புப் பக்கமாக இரண்டாவது பட்டை. பேன்ட் பாக்கெட்டில் செல்போன், சாவி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே கட்ட வேண்டும். முழங்கால், முழங்கை மூட்டின் மீதே கட்டக் கூடாது. காயம் எங்கே என்று இருட்டில் தெரியாவிட்டால் உடைக்கு மேலேயே, தொடையிலோ கையிலோ முடிந்த அளவு உயரத்தில்.

அவ்வப்போது தளர்த்திவிடச் சொல்லும் பழைய அறிவுரையை மறந்துவிடுங்கள். தளர்த்தும் ஒவ்வொரு முறையும் ரத்தம் வீணாகும், உறைந்த ரத்தமும் கலைந்துவிடும். இரண்டு மணி நேரம் வரை பொதுவாக உறுப்புக்குப் பெரிய ஆபத்தில்லை. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க அதற்குள் நேரம் இருக்கிறது. கட்டிய மணியைப் பட்டையிலேயே எழுதுங்கள்.

இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் பட்டை நிற்காது. அங்கே காயத்துக்குள் காஸ் துணியைத் திணித்து, எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும்: ரத்தம் உறையவைக்கும் காஸ் என்றால் 3 நிமிடம், சாதாக் காஸ் என்றால் 10 நிமிடம். நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள்.

குளிரை மறப்பது எளிது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ரத்தம் இழந்த உடல் அங்கே சீக்கிரம் சில்லிட்டுவிடும், சில்லிட்டால் ரத்தம் சரியாக உறையாது. மேலே போர்த்துவதற்கு முன் அடியில் ஜமுக்காளமோ ரெயின்கோட்டோ விரியுங்கள்.

108-க்கு அழைக்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது என்பதைப் பலகை பார்த்துச் சொல்லுங்கள். கட்டிய மணியை ஆம்புலன்ஸ்காரரிடம் வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.