தொட்டி நிறையத் தண்ணீர், குழாயில் ஒரு சொட்டு இல்லை

கனடாவின் நுனாவுட்டில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையிலுள்ள ஆர்வியட்டில் குடியிருக்கிறோம். அடிநிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால் இங்கே லாரி வந்து வீட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பும். இன்னொரு லாரி கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு போகும்.

ஜனவரியில் ஒரு பனிப்புயலின்போது குழாயில் தண்ணீர் நின்றுபோனது. தொட்டியில் பாதிக்கு மேல் இருந்தது, பம்ப்தான் ஓடவில்லை. குழாய் உறைந்திருக்கும் என்று ஒரு மாலை முழுக்க ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். பலனில்லை. அப்புறம் ஃபியூஸ், பிரஷர் சுவிட்ச் எல்லாம் பார்த்தேன். சரியாகவே இருந்தன. புது பம்ப் வாங்கலாமென்றால் விமானத்தில்தான் வரவேண்டும். மனைவியும் மகளும் மூன்று நாள் தொட்டியிலிருந்து மொண்டே சமாளித்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், இந்த மண்ணின் பூர்வகுடியான இனுயிட் இனத்தவர், வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "சிவப்பு விளக்கு எரிகிறதா?" வெளிச்சுவரில் பனி அப்பி மறைத்திருந்ததைச் சுரண்டினால், எரிகிறது! கழிவுத் தொட்டி நிறைந்தால் எரியும் விளக்கு அது. கழிவு வீட்டுக்குள் பொங்காமலிருக்க, அப்போது தண்ணீர் பம்ப்பும் தானாக நின்றுவிடுமாம். ஆனால் முந்தின நாளே லாரி வந்து காலிசெய்துவிட்டதே?

மெயினை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, கையுறையோடு கழிவுத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். கழிவுநீர் மட்டத்தோடு ஏறி இறங்கி, தொட்டி நிறைந்ததைக் காட்டும் மிதவை சுவிட்ச் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கில் சுவரோடு ஒட்டி மேலேயே நின்றது. நீளக் குச்சியால் தட்டியதும் கீழே தொங்கியது. மெயினைப் போட்டேன், பம்ப் ஓடியது. அப்பாடா!

இப்போது வாணலி எண்ணெயைக் காகிதத்தால் துடைத்த பிறகுதான் கழுவுகிறோம்.