மூளை ரத்தக்கசிவு பெரிதாகுமா? முதல் சி.டி.யிலேயே கண்டுபிடிப்பது எப்படி

படத்தைத் திறக்கும் முன் இரண்டு விவரம் வேண்டும்: அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது, வார்ஃபரின் போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறாரா. கசிவு பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான் பெருகுகிறது. அதனால் ஒரு மணி நேரத்தில் எடுத்த படத்தில் சிறிதாகத் தெரியும் கசிவை நம்பக் கூடாது. உறைவுத்தடுப்பு மருந்து எடுப்பவருக்கோ இந்த ஆபத்து இன்னும் நெடுநேரம் நீடிக்கும்.

அடுத்து அளவு. கசிவு மிகப் பெரிதாகத் தெரியும் ஸ்லைஸில் (சி.டி. மூளையை அடுக்கடுக்காகக் காட்டும் படங்களில் ஒன்று) அதிகபட்ச நீளம், அதற்குச் செங்குத்தான அகலம், பிறகு ஸ்லைஸ் எண்ணிக்கையை ஸ்லைஸ் தடிமனால் பெருக்கி வரும் உயரம். மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி இரண்டால் வகுத்தால் மி.லி. கிடைக்கும். பெரிய ஸ்லைஸின் பரப்பில் 25 முதல் 75 சதவீதம் மட்டும் கசிவு உள்ள ஸ்லைஸை அரையாக எண்ணுங்கள். அதற்கும் குறைந்தால் விட்டுவிடுங்கள். 4 × 3 × 3 என்றால் 18 மி.லி. மறு ஸ்கேனில் 6 மி.லி.க்கு மேலோ 33 சதவீதத்துக்கு மேலோ கூடினால் பெருகிவிட்டது என்று கொள்வது வழக்கம். இந்த 18 மி.லி. கசிவுக்கு அந்த எல்லை 24 மி.லி. கோணல்மாணலான கசிவில் இந்தக் கணக்கு கூட்டிக்காட்டும். அங்கே ஸ்லைஸ் ஸ்லைஸாக விளிம்பு வரைந்து அளப்பதே சரி.

இனி கசிவின் உட்புறம். விண்டோவை, அதாவது படத்தின் கருப்பு-வெளுப்பு வரம்பை, அகலம் 80–100, மையம் 40 என வைத்துப் பாருங்கள். சீரான வெண்மை ஓரளவு ஆறுதல் தரும். வெண்மைக்குள் கருமை தெரிந்தால் கவனம் வேண்டும்: இன்னும் உறையாத புது ரத்தமாக அது இருக்கலாம். பெருகலாம் என்று காட்டும் குறிகள் மூன்று. நாலு புறமும் வெண்மை சூழ்ந்த கரும்பகுதி அந்த வெண்மையைவிட 28 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகாவது (சி.டி.யில் அடர்த்தியின் அளவு) குறைந்திருந்தால் அது 'பிளாக் ஹோல்'. கருமையும் வெண்மையும் தெளிவான எல்லையோடு அருகருகே, குறைந்தது 18 அலகு வித்தியாசத்தில் இருந்தால் 'பிளெண்ட்'. பெரிய ரத்தக்கட்டியிலிருந்து பிரிந்து மூன்று சிறு ரத்தக்கட்டிகளாவது சிதறியிருந்தால் 'ஐலண்ட்'.

அவசரத்தில் கைகொடுப்பது, கசிவு பெருகும் வாய்ப்பைக் கணிக்கும் பேட் (BAT) மதிப்பெண். பிளெண்டுக்கு 1, உள்ளே எந்தக் கருமை இருந்தாலும் 2, அறிகுறி தொடங்கி 2.5 மணி நேரத்துக்குள் எடுத்த படமென்றால் 2. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் என்றால் பெருகும் வாய்ப்பு அதிகம்.

சாயமருந்து (கான்ட்ராஸ்ட்) செலுத்தி ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவும் எடுத்தால் ரத்தக்கட்டிக்குள் பளிச்சிடும் புள்ளியைத் தேடுங்கள். அதுவே 'ஸ்பாட் சைன்', பெருகலாம் என்பதற்கான இன்னொரு குறி. ஏறக்குறைய 90 நொடி கழித்து இன்னொரு கட்டம் எடுத்தால் முதலில் தப்பியதும் பிடிபடும். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் அதே இடம் ஏற்கெனவே வெளுத்திருந்தால் அது கால்சியம். வெளி ரத்தக்குழாயோடு தொடர்ந்தால் அனூரிசமாகவோ (ரத்தக்குழாய் வீக்கம்) ஏ.வி.எம்.மாகவோ (ரத்தக்குழாய்களின் பிறழ்ந்த பின்னல்) இருக்கலாம்.

எந்தக் குறியும் இல்லை என்பதற்காகக் கண்காணிப்பைத் தளர்த்த வேண்டாம். குறி இல்லாதவர்களுக்கும் கசிவு பெருகுவதுண்டு. சிறுமூளைக் கசிவு கொஞ்சம் கூடினாலே மூளைத்தண்டை நெருக்கும். 6 மணி, 24 மணி நேரத்தில் அதே ஸ்லைஸ் தடிமனில் மறுபடி எடுங்கள். நினைவு மங்கினால் அதுவரை காத்திருக்காமல் உடனே எடுங்கள். வென்ட்ரிக்கிளுக்குள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) புதிதாக ரத்தம் இறங்கியிருந்தால், கட்டியின் அளவு மாறாவிட்டாலும், பெருகியதாகவே கருதி நரம்பியல் அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.