ஜான் மேடனை ரசிக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்து பக்கம் புதிதாக எட்டிப் பார்க்கும் நம் ஆட்களுக்கு ஜான் மேடன் என்றால் வீடியோ கேம் அட்டைப் பெட்டியில் இருக்கும் பெயர். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர்கள், "டிவியில் 'பூம்!' என்று கத்துவாரே, அந்தப் பெரிய உருவம்" என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஆகச் சிறந்த வாத்தியார் ஒருவரைத் தவறவிட்டுவிடுவீர்கள். அவருடைய பழைய ஒளிபரப்புகள் இணையத்தில் நிறையவே கிடைக்கின்றன. அவற்றைத் தேடிப் போவதற்கு முன் சில விஷயங்களைச் சரிசெய்துகொள்வது நல்லது.

முதலில், வேலை போன கோச்தான் டிவிக்கு வருவார் என்ற நினைப்பு. இன்றைக்கு அது பெரும்பாலும் சரி. ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் பலர் அடுத்த அணிக்குத் துண்டு போட்டு வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் வழவழவென்று பேசுவதும் அதனால்தான். மேடன் கதை வேறு. 1969இல், 32 வயதில், ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பத்து சீசன்களில் 103 வெற்றி, 32 தோல்வி, 7 டிரா. தோல்விகள் வெற்றிகளை மிஞ்சிய சீசன் ஒன்றுகூட இல்லை. 1977 ஜனவரியில் மினசோட்டா வைக்கிங்ஸை 32-14 என்று வீழ்த்தி, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார். வயிற்றுப்புண்ணும் சலிப்பும் சேர்ந்துகொள்ள, 42 வயதில் தானாகவே விலகினார். அப்புறம் எந்த அணிக்கும் பயிற்சியாளராகப் போகவில்லை. "ஒரே ஒரு கோப்பைதானே?" என்று கேட்பவர்கள், அவருக்கு எதிரே நின்ற அந்தக் காலத்து பிட்ஸ்பர்க் அணியில் யார் யார் ஆடினார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

அடுத்தது பெரிய தவறு: 'பூம்'மை வெறும் காமெடியாக எடுத்துக்கொள்வது. அந்தச் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பந்தை வைத்திருப்பவன் விழும்போது மட்டுமல்ல, பந்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு லைன்மேன் (முன்வரிசையில் நின்று எதிரியோடு மல்லுக்கட்டுபவன்) இன்னொருவனைப் பெயர்த்துத் தள்ளும்போதும் வரும். மேடன் கல்லூரியில் லைன்மேனாக ஆடியவர். 1958இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பயிற்சி முகாமிலேயே முழங்கால் போய்விட்டது. காயத்துக்குச் சிகிச்சை எடுத்த நாட்களில், அந்த அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) நார்ம் வான் புரோக்லின் ஆட்டப் படச்சுருள்களை ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து மேடன் கற்றுக்கொண்டார். டிவியில் திரை மேல் மஞ்சள் கோடும் வட்டமும் கிறுக்கியபடி அவர் செய்தது அதே வேலைதான். (அந்தக் கிறுக்கும் கருவியை அவரே கண்டுபிடித்தார் என்பது இன்னொரு தவறு. அது லெனர்ட் ரைஃபல் என்ற இயற்பியலாளரின் வேலை. அதை வீட்டுக்கு வீடு தெரிய வைத்தவர்தான் மேடன்.)

நாமும் முயன்று பார்க்கலாம். ஒவ்வொரு முயற்சியும் தொடங்குவதற்கு முந்தின நொடியில் பந்தைப் பார்க்காதீர்கள். வரிசையில் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றியிருக்கும் லைன்மேனைப் பாருங்கள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தால் உடம்பின் எடை முழுக்க முன்னால் இருக்கிறது. எதிரியை இடித்துக்கொண்டு போகத் தயாராகிறான், ஓட்டம் (பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவது) வரலாம். கை பட்டும் படாமலும் இருந்து, எடை குதிகால் பக்கம் சாய்ந்திருந்தால் பின்வாங்கிக் குவார்ட்டர்பேக்கைக் காக்கப் போகிறான், பாஸ் (பந்தை எறிவது) வரலாம். எப்போதும் பலிக்காது, வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒருமுறை இது கண்ணில் பட்டுவிட்டால், சேற்றையும் வியர்வையையும் கிழிந்த சட்டையையும் பற்றி அந்த மனிதர் ஏன் அத்தனை ஆசையாகப் பேசினார் என்று புரியும்.

துண்டுக் காணொளிகளை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அவற்றில் பாட் சம்மரால் இருக்கமாட்டார். 1981 முதல் 2002 தொடக்கம் வரை, முதலில் சிபிஎஸ், பிறகு ஃபாக்ஸ் தொலைக்காட்சி என்று மேடனின் பக்கத்தில் இருந்த வர்ணனையாளர் அவர். யார் எறிந்தது, யார் பிடித்தது, எத்தனை கஜம், அவ்வளவுதான் சொல்வார். அவர் விட்டுக்கொடுத்த மௌனத்தில்தான் மேடனின் பேச்சு அத்தனை தாராளமாக ஓடியது. தனியாக வெட்டி எடுத்தால் வளவளப்பாகத்தான் தெரியும்.

விமானத்தில் ஏறமாட்டார், ஊர் ஊராகப் பேருந்திலேயே போவார் என்பது உண்மை. அதற்குக் காரணம் அவர் படித்த கல்லூரியின் அணி 1960இல் விமான விபத்தில் சிக்கியதுதான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இறந்தவர்களில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பது சரிதான். ஆனால் அதற்குப் பிறகும் பயிற்சியாளராக அவர் பல ஆண்டுகள் பறந்துகொண்டுதான் இருந்தார். அடைபட்ட இடத்தில் இருக்கும் பயம் என்றுதான் அவரே சொன்னார்.

ஆய்வாளரை ஜோசியராக நினைப்பதும் வேண்டாம். 2002 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தும் செயின்ட் லூயிஸும் 17-17 என்று நின்றன. மிச்சம் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. பந்து நியூ இங்கிலாந்திடம், ஆனால் கடிகாரத்தை நிறுத்த டைம் அவுட் எதுவும் இல்லை. நேரத்தைக் கடத்திவிட்டு ஓவர்டைமுக்குப் போவதே புத்திசாலித்தனம் என்றார் மேடன். அந்த அணியின் குவார்ட்டர்பேக், இளைஞர் டாம் பிரேடியோ ஒவ்வொரு பாஸாக எறிந்துகொண்டே முன்னேறினார். கடைசியில் அணியின் உதையாளர் வினாட்டியேரி 48 கஜத்திலிருந்து உதைத்து ஜெயித்துக் கொடுத்தார். ஆனால் மேடன் சப்பைக்கட்டு கட்டவில்லை. அந்த ஆட்டம் முன்னேற முன்னேறத் தன் கருத்தை விட்டுவிட்டு, பிரேடியை வாய்விட்டுப் பாராட்டினார். எனக்கு அவருடைய சரியான கணிப்புகளைவிட இந்த ஒன்று பிடிக்கும்.

வீடியோ கேம் விஷயத்தில் ஒன்றே ஒன்று: அவர் பெயரை மட்டும் விற்கவில்லை. அன்றைய கணினிகளில் 22 பேரை ஓடவைப்பது கஷ்டம், ஆளைக் குறைக்கலாம் என்று கேம் செய்தவர்கள் கேட்டார்கள். அணிக்கு 11 பேர் இல்லையென்றால் அது கால்பந்தே இல்லை என்று பிடிவாதமாக நின்றார். 1988இல்தான் கேம் வெளிவந்தது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், 1982 ஜனவரி சூப்பர் பவுல், சான் ஃபிரான்சிஸ்கோவும் சின்சினாட்டியும் மோதியது. வர்ணனையாளராக மேடனுக்கு அதுதான் முதல் சூப்பர் பவுல். ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டருக்கு (கால்பகுதிக்கு) போங்கள். ஸ்கோர் 20-7, பின்தங்கிய சின்சினாட்டி கோல் கோட்டுக்கு மூன்று கஜம் தள்ளி நிற்கிறது, கையில் நாலு முயற்சி. நாலாவதில் பந்து யாரிடம் போகிறது என்று தேடாதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் முன்வரிசையை மட்டும் பார்த்துவிட்டு, மேடன் பேசுவதைக் கேளுங்கள்.