சைனஸ் மருந்துக்கு அடங்காத தலைவலி: என் அனுபவம்

பாம்பன், மண்டபம் பக்கம் வாடைக்காற்றில் தலை வலித்தால் "நீர் கோத்திருக்கு, சைனஸ்" என்றுதான் முதலில் சொல்வார்கள். எனக்கும் ஆவி, மூக்கடைப்பு மாத்திரை, ஆன்டிபயாடிக் என்றே போனது. சைனஸா, மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலியா என்ற குழப்பத்துக்குக் காரணம் மூக்கு ஒழுகுவதும் கண் கலங்குவதும். மைக்ரேனிலும் முக நரம்பு தூண்டப்பட்டு இரண்டும் வரும். ஆனால் சளி தண்ணீராக இருக்கும். சைனஸ் தொற்று என்றால் பெரும்பாலும் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிச் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமை.

வழி காட்டியது ஒரு நோட்டுப் புத்தகம். தொடங்கிய நேரம், விட்ட நேரம், எந்தப் பக்கம், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லையா, படி ஏறினால் கூடுகிறதா, என்ன மாத்திரை, எல்லாம் ஒரே வரியில். "காலை 11, வலது பக்கம், விண்விண், கருவாட்டு வாசனை தாங்கவில்லை, மறுநாள் காலை வரை." இப்படி 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும் வலி திரும்பத் திரும்ப வந்தால் மைக்ரேனா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். இரண்டு பக்கமும் வலிக்கலாம், கழுத்தும் பிடிக்கலாம். அதனால் மைக்ரேன் இல்லை என்று ஆகிவிடாது.

மாத்திரையை வலி தொடங்கியதுமே, மருத்துவர் சொன்ன முழு அளவில் போட வேண்டும். பொறுத்துப் பார்த்தால் வயிறு மந்தமாகி மருந்து சரியாக ஏறாது. ஆனால் மாதம் 15 நாள் சாதாரண வலிமாத்திரை, அல்லது 10 நாள் டிரிப்டான் (மைக்ரேனுக்கென்றே தரும் மாத்திரை) என்று மூன்று மாதம் தாண்டினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம்.

திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, கை கால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு இருந்தால் நோட்டு எழுத உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.